கோப்பில் வைத்த அட்டை

சென்ற ஆண்டு ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை முற்பகல் பத்து மணிக்கு, ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றபடி நான் ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொன்னேன். அந்தப் பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஓராண்டைச் சொல்லாமல் அது விளங்காது.

என் ஒரே மகன் ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருந்தான். வயது முப்பத்திரண்டு. எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. சர்க்கரை இருந்தது, படுத்தால் நெஞ்செரிச்சல், மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவான். உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, உடற்பயிற்சிக் கூடம் எல்லாவற்றையும் செய்து பார்த்தான். குறைந்த எடை ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. கடைசியில் சென்னையில் ஒரு அறுவை மருத்துவரிடம் போனோம்.

அவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று ஸ்லீவ்: இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குறுகிய குழாய்போல விட்டுவிடுவது. இன்னொன்று பைபாஸ்: இரைப்பையின் உச்சியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதோடு இணைப்பது. நெஞ்செரிச்சலும் சர்க்கரையும் இருப்பதால் தனக்குப் பைபாஸ் பக்கம் சாய்வு என்றார். ஆனால் இரண்டில் எதையும் செய்யலாம், யோசித்து வாருங்கள் என்றார்.

என் மகனுக்கு ஸ்லீவ்தான் பிடித்திருந்தது.

“குடல்ல கை வைக்க வேணாம்ப்பா. அது பாட்டுக்கு இருக்கட்டும். எதுக்கு அதைப் போய் ரீரூட் பண்ணிக்கிட்டு?” என்றான்.

நான் தண்டலம் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் தரக் கட்டுப்பாடு கற்பித்தவன். இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், காரணிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் முக்கியத்துவத்துக்கேற்ப மதிப்பெண் இட்டு, கூட்டிப் பார்ப்பதுதான் நான் அறிந்த முறை. அப்படியே செய்தேன். ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். எடை குறைவது, சர்க்கரை கட்டுப்படுவது, நெஞ்செரிச்சல், ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டிய வைட்டமின் மாத்திரைகள், பின்விளைவுகள் என்று வரிசைகள் நீண்டன. பைபாஸில் குடலை இடம் மாற்றுவதால் உள்ளே இடைவெளிகள் உண்டாகலாம். உடல் மெலிந்த பிறகு, ஓராண்டு கழித்துக்கூட, அவற்றில் குடல் புகுந்து முறுக்கிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு வரிசை இருந்தது. அரிதானது என்பதால் மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தேன். கூட்டுத்தொகையில் பைபாஸ் வென்றது.

தாளை அவனிடம் நீட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “நீங்களே எக்ஸாம் வெச்சு, நீங்களே எழுதி, நீங்களே திருத்திட்டீங்க. நான் பாஸா?” என்று சிரித்தான். பிறகு சம்மதித்தான்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் என் மகனிடம் ஒரு அட்டையைக் கொடுத்தார். அவனுக்கு எந்த அறுவை செய்யப்பட்டது என்பது அதில் அச்சாகியிருந்தது.

“இதைப் பர்ஸ்ல வெச்சுக்கோங்க. எப்போ வயித்து வலி வந்தாலும் கேஸ்னு விட்டுடாதீங்க. எந்த டாக்டர், எந்த நர்ஸ் பார்த்தாலும் இதை முதல்ல காட்டணும். மத்ததெல்லாம் அப்புறம்.”

வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையை நான் வாங்கி, மருத்துவ அறிக்கைகள் இருந்த கோப்பில் வைத்தேன். முதலில் அது என் ஒழுங்குப் பழக்கத்தால் செய்தது. பின்னர் அதற்கு ஒரு காரணமும் வந்து சேர்ந்தது.

தொழிற்சாலையில் அவன் மஞ்சள் காமாலை என்று சொல்லித்தான் விடுப்பு எடுத்திருந்தான். அதுவும் என் யோசனை. கல்யாண வயதில் இருப்பவனுக்கு ‘வயிற்றை வெட்டித் தைத்தவன்’ என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். மெலியத் தொடங்கியதும் லைனில் கேலி செய்தார்களாம்.

“இன்னா சார், பாதி ஆளை எங்க வுட்டுட்டு வந்தீங்க? காமாலை எங்களுக்கும் வருது, இப்டி இளைக்க மாட்டேங்குதே!”

இதையெல்லாம் வீட்டில் வந்து நடித்துக் காட்டுவான். ஐம்பது கிலோ குறைந்திருந்தான். சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. தை மாதத்தில் வாலாஜாபாத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து நிச்சயம் செய்தோம். ஆவணியில் கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் என் மகன் வேலை செய்த அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தார்.

என் மனைவி ஒருமுறை சொன்னாள்: “பொண்ணு வீட்டுக்குச் சொல்லிடலாங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு சோறு போடும்போது, இவன் நாலு வாய் சாப்ட்டுட்டு எழுந்துட்டா அது என்ன நினைக்கும்?”

“கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே சொல்றேன்” என்றேன்.

“இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்?” என்று எழுந்து போனாள்.

இனி அந்த வியாழக்கிழமை. அவனுக்குக் காலை ஷிஃப்ட். கேன்டீனில் டிபன் சாப்பிட்ட பிறகு வயிற்றில் வலி தொடங்கியிருக்கிறது. முதலுதவி அறைக்குப் போனவன், லாக்கரிலிருந்து கைபேசியை எடுத்து என்னை அழைத்தான்.

“அப்பா, வயிறு பிடிச்சு இழுக்குது. சிஸ்டர் ஊசி போடப் போறாங்க. இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கான்னு கேக்குறாங்க. சொல்லட்டுமா?”

நான் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. நான் கேட்டது ஒன்றுதான்.

“பொண்ணோட மாமா அங்கதானே இருக்கார்?”

“ஸ்டோர்ஸ் பக்கத்து பில்டிங்தான்.”

“இப்போ வேணாம். ஊசி போட்டுக்கோ. ஷிஃப்ட் முடிஞ்சு வா, பார்த்துக்கலாம்.”

“சரிப்பா.”

என் மனைவி சமையலறையில் இருந்தாள். நான் பேசியது முழுவதும் அவள் காதில் விழுந்தது.

ஊசியில் வலி சற்று அடங்கியதாம். பிறகு திரும்பி வந்ததாம். அவன் மறுபடி முதலுதவி அறைக்குப் போகவில்லை. மறுபடி கேட்டால் மறுபடி பொய் சொல்ல வேண்டுமே என்று நினைத்திருப்பான் என்பது என் ஊகம். பிற்பகல் இரண்டரை வரை லைனில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தே ஷிஃப்டை முடித்திருக்கிறான்.

மூன்றேகால் மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்து எங்கள் தெருமுனையில் நின்றது. அவனைத் தாங்கிப் பிடித்து இறக்கியவர் அந்தத் தாய்மாமன். வாலாஜாபாத் போகும் தம் பேருந்தை விட்டுவிட்டு, என் மகன் வளைந்து நடப்பதைப் பார்த்து, அவனுக்காக இந்தப் பேருந்தில் ஏறியிருக்கிறார். ஊர் மருத்துவமனைக்குப் போன ஆட்டோவில் அவன் தலை அவர் மடியில்தான் இருந்தது. சட்டையெல்லாம் வாந்தி. முகம் சுளிக்காமல் தம் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார்.

மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவர் கேட்டார்: “முன்னாடி ஏதாவது சர்ஜரி?”

அப்போதும், அந்த நிலையிலும், நான் ஒரு கணம் அந்தத் தாய்மாமனின் முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகே சொன்னேன். மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, “காலையிலயே ஏன் சொல்லல?” என்றார். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். சென்னைக்கு அனுப்பினார்கள்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது தாய்மாமன் என் அருகில் வந்து நின்றார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“இதுக்கா சார் மறைச்சீங்க?” என்றார் மெல்ல. “எங்க அக்கா வூட்டுக்காரருக்கு ரெண்டு ஸ்டென்ட் வெச்சிகீது. பொண்ணுக்கு அப்பன் சீக்காளின்னு தெரிஞ்சா நீங்க பின்வாங்கிடுவீங்கன்னு, அத்த நாங்களுந்தான் உங்களாண்ட சொல்லல.”

வேறொரு நாளாக இருந்திருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

குடல் உள்ளே முறுக்கி, இரத்த ஓட்டம் இல்லாமல் பெரும்பகுதி கருத்துவிட்டிருந்தது. வெட்டி அகற்றினார்கள். மூன்று நாள் கழித்து, ஞாயிறு பிற்பகல், என் மகன் இறந்துபோனான். முதலில் அறுவை செய்த அதே மருத்துவர் என்னிடம் ஒன்று சொன்னார். ஸ்லீவ் செய்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காதா என்று நான் கேட்டதற்கு, “இது வந்திருக்காது. வேற ஏதாவது வந்திருக்கலாம், எதுவுமே வராமலும் இருந்திருக்கலாம். தேர்வு தப்பில்ல சார். நேரம்தான் போயிடுச்சு” என்றார். அந்த நேரம் எங்கே போனது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. காரியத்துக்கு வந்த தொழிற்சாலை சிஸ்டர், “நான் கேட்டேன் சார், ஒண்ணும் இல்லன்னாரே” என்று அழுதார். நான் வாய் திறக்கவில்லை. இன்று இங்கேதான் முதன்முறையாக ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி எல்லாம் அறிவாள். இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

இரு மாதங்களுக்கு முன் என் மகனின் லைனில் வேலை செய்யும் வெல்டர் ஒருவர் மனைவியோடு வந்தார். கனத்த உடம்பு, நாற்காலியில் உட்காரத் தயங்கினார்.

“டாக்டரு ரெண்டுல எத்த வேணா பண்லாம்ன்றாரு சார். நீங்க நெறைய படிச்சவரு. எனுக்கு எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அந்த மதிப்பெண் தாள் இன்னும் அலமாரியில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. “எதுங்கிறதை டாக்டர்கிட்ட நூறு தடவை கேளுங்க. நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா எதைப் பண்ணாலும் கொடுக்கிற அட்டையைப் பர்ஸ்ல வைங்க. சிஸ்டருக்குச் சொல்லுங்க. பக்கத்துல நிக்கிறவருக்குச் சொல்லுங்க. மறைக்காதீங்க” என்றேன்.

அவர் மனைவி சிரித்துவிட்டார். “இவரா சார் மறைப்பாரு? இவரு வாயில ஒண்ணு நிக்காது. இருங்காட்டுக்கோட்டை வரிக்கும் சொல்லிக்கினு வந்துடுவாரு.”

அறைக்குள்ளிருந்து என் மனைவி வந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்படியே இருக்கட்டும்மா” என்றாள்.

அவர்கள் போன பிறகு கோப்பைத் திறந்து அந்த அட்டையைப் பார்த்தேன். மடிப்பு இல்லாமல், அழுக்கு இல்லாமல், கொடுத்த நாளில் இருந்தபடியே இருந்தது. எந்த அறுவை சிறந்தது என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. “சொல்லட்டுமா” என்ற கேள்விக்கு மட்டும் சரியான பதில் தெரியும், அதைக் கேட்பதற்குத்தான் இப்போது அவன் இல்லை.