ஜோசியக் கம்ப்யூட்டரில் செத்த பல்லி

எனக்கு வாய் அடங்காது. கண்ணெதிரே ஒருவர் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால், அதைத் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தால் நான் கெட்டது கொஞ்சநஞ்சமல்ல. அதில் பெரியது திருவண்ணாமலையில், ஒரு கம்ப்யூட்டர் ஜோசியக் கடையில் நடந்தது.

அப்போது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதே வாரம் ஒரு வரனும் வந்தது. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "ஜாதகம் பொருந்துச்சுன்னா கல்யாணம். பொருந்தலன்னா ஓசூருக்குப் போ." மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆளையே பார்த்ததில்லை. எனக்கு ஓசூர்தான் வேண்டும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து நானும் அப்பாவும் போனோம். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் ஜோசியத்தில் நம்பிக்கையே கிடையாது. எங்கள் ஊர் ஜோசியர் முழங்கால் வலியென்று படுத்துவிட்டதால் வேறு வழியில்லாமல் வந்தவர். கடைக்காரர் இரண்டு ஜாதகத்தையும் தட்டி முடிக்கும் நேரம், டப்பென்று ஒரு சத்தம். திரை இருண்டது. கரண்ட் போகவில்லை, தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"மதர்போர்டு போயிடுச்சுங்க," என்றார் கடைக்காரர்.

அப்பா எழுந்துவிட்டார். "தடங்கலாப் போச்சு. இந்த வரனே வேணாம். வாம்மா, போலாம்."

அண்ணாமலையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நான் வெளியே வந்திருக்க வேண்டும். முடிந்ததா? மதர்போர்டாம்! பெட்டியின் பின்பக்கம் மேல் மூலையிலிருந்து கருகல் வாசனை மூக்கைத் துளைக்கிறது.

"மதர்போர்டு இல்லைங்க, பவர் சப்ளை," என்றேன். "ஸ்க்ரூ டிரைவர் இருக்குதா?"

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியக் கொஞ்ச நேரம் காத்திருந்து, பவர் சப்ளையின் தகரப் பெட்டியைத் திறந்தேன். விரல் கனத்துக்குத் தூசி. சின்ன ஃபேன், உருண்டையாக இரண்டு கெபாசிட்டர், மஞ்சளும் சிவப்பும் கருப்புமாக வயர்க் கொத்து. அதன் அடியில் ஒரு பல்லி, கருவாடாகக் கிடந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "தலை எந்தப் பக்கம் இருக்குது?"

"செத்த பல்லிக்குப் பலன் கெடையாதுங்க," என்றார் கடைக்காரர் அவசரமாக.

பல்லியைப் பேப்பரால் எடுத்துப் போட்டேன். கண்ணாடி ஃபியூஸ் கருகியிருந்தது. பழைய வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அதன் மேல் சுற்றினேன். என் வாத்தியார் பார்த்திருந்தால் டிப்ளமாவைத் திருப்பி வாங்கியிருப்பார். அந்தக் கொத்தில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் ஒரு கருப்பு வயரையும் இணைத்தால், கம்ப்யூட்டரில் மாட்டாமலே பவர் சப்ளையை ஓட்டிப் பார்க்கலாம். என் கொண்டை ஊசியை உருவி, பல்லால் பெயின்டைச் சுரண்டி, வயர்க் கொத்தின் முனையிலிருக்கும் கனெக்டரில் அந்த இரண்டு வயருக்குமான ஓட்டைகளில் வளைத்துச் செருகினேன். தகரத்தை மூடி பிளக்கைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. அந்தச் சந்தோஷத்தில், எதற்காக வந்தோம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

எல்லாவற்றையும் மறுபடி மாட்டிக் கொடுத்தேன். கடைக்காரர் மறுபடி தட்டினார். பிரின்டர் கிறீச்சிட்டுக்கொண்டே தாளைத் தள்ளியது. பத்துக்கு ஒன்பது பொருத்தம்.

அப்போதும் தைரியமாகத்தான் இருந்தேன். கம்ப்யூட்டர் சொல்வதை அப்பா என்றைக்கு நம்பியிருக்கிறார்?

"எதுக்கும் நம்ம ஊர் ஜோசியர்கிட்ட ஒருவாட்டி காட்டிடலாம்ப்பா," என்றேன்.

அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இன்னாத்துக்கு? எம் பொண்ணு ரிப்பேர் பண்ண மிஷினு. பொய் சொல்லுமா?"

மூன்று வருஷம் படித்ததற்கு அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். பஸ் ஸ்டாண்டு போகிறவரை, எதிரில் வந்த தெரிந்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்தி அதையே சொன்னார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. மறுத்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது.