அரை மூட்டை உப்பும் ஒரு தென்னம்பிள்ளையும்

இடையஞ்சாவடியில் என் அம்மா நட்ட தென்னை போன புயலில் அடியோடு சாய்ந்தது. அம்மா அதற்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டாள். விழுந்த மரத்திலிருந்து பொறுக்கிய நெற்றுகளில் முளைத்தது ஒன்றே ஒன்று. அதை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நான் வாழ்க்கைப்பட்ட மரக்காணத்துக்கு வந்தேன். "இதுக்கும் டிக்கெட் போடணுமாம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். "போடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தென்னை நடும் குழியில் மணலோடு இரண்டு கை உப்பு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை செய்பவர். நான் தெருக்குழாயில் குடம் வைக்கப் போயிருந்த நேரத்தில், குழி வெட்டி நட்டும் முடித்துவிட்டார். திரும்பி வந்தபோது, பெரிய காரியம் சாதித்த முகத்தோடு நின்றார். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டே வாரத்தில் இலை நுனி கருக ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தேன். கருகல் பாதி இலைவரை ஏறியதும் பயம் வந்து, வேர்ப்பக்கம் கையால் தோண்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று கட்டி கட்டியாக உப்பு.

"எவ்ளோ போட்டீங்க?"

"அரை மூட்ட இருக்கும்."

"அரை மூட்டையா?"

"மத்த செடின்னா ரெண்டு கை போடலாம். இது உங்கம்மா மரமாச்சே. அதுக்குப் போயி கணக்குப் பாப்பாங்களா?"

கொஞ்சம் யோசித்திருந்தால் அந்தப் பதிலுக்கே மனம் இளகியிருக்கும். ஆனால் என் வாய் பொல்லாதது. "உப்பத் தவிர இந்த ஒலகத்துல உங்களுக்கு எதுனா தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் உடனே செடியைப் பெயர்த்து, வேரை நல்ல தண்ணீரில் அலசி, தள்ளி ஒரு புதுக் குழியில் ஏரி மண் போட்டு நட்டார். நான் கோபம் ஆறாமல் அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் கரிக்கும். தெருக்குழாயில் வரும் நல்ல தண்ணீரில் குடிக்க, சமைக்கப் போக, குளிக்க ஆளுக்கு ஒரு குடம்தான் மிஞ்சும். ஆனாலும் தினமும் செடியின் அடி நனைந்திருந்தது. எங்கேயோ போய்ப் பிடித்து வருகிறார் என்று எண்ணிக்கொண்டேன். கேட்க வீம்பு விடவில்லை.

பத்து நாள் போயிருக்கும். மதியம் வேலை முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டார். சோறு போட எழுப்பப் போனேன். முதுகெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இடுப்பு மடிப்பில் தோல் சிவந்து உரிந்திருந்தது. கணுக்காலில் வெடிப்பு. அப்போதுதான் புரிந்தது, தினம் "குளிச்சிட்டேன்" என்று அவர் சொன்னது போர் தண்ணீரில் குளித்ததை. காலையிலிருந்து உப்பில் நின்று வெந்த உடம்புக்கு மறுபடி உப்புத் தண்ணீர். அவருடைய குடம் முழுக்கச் செடிக்குப் போயிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவரையா அப்படிக் கேட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

செடி பிழைக்குமா என்று அன்றைக்கும் தெரியாது. குருத்து வளராமல் அப்படியே நின்றிருந்தது. அவரை எழுப்பி, பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தேன். பார்த்ததும் குடத்தின் வாயைக் கையால் பொத்தினார்.

"இது செடிக்கு வச்சிருக்கறது. உங்கம்மா மரம்."

"எங்கம்மா இருந்திருந்தா உங்க முதுகுலதான் மொதல்ல ஊத்தியிருப்பாங்க. கைய எடுத்துட்டுத் திரும்பி உக்காருங்க" என்றேன்.