'கண்ணை மூடினார்' என்ற அட்டை

இன்று ஏழாம் வகுப்பில் மரபுத்தொடர் விளையாட்டு வைத்தேன். தொடர் ஒரு அட்டையில், அதன் பொருள் இன்னொன்றில். ஜோடி சேர்க்க வேண்டும்.

பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மல்லிகா, 'கண்ணை மூடினார்' அட்டையை 'தூங்கினார்' பக்கத்தில் வைத்தாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"இறந்துட்டார்னு அர்த்தம், மோளே."

"ஆஸ்பத்திரியில மாமா வந்து, 'அப்பா கண்ணை மூடிட்டாரு'ன்னுதான் சொன்னாங்க டீச்சர். உறங்குறாரு, எழுப்பக் கூடாதுன்னு நான் உள்ளயே போகல."

பக்கத்துப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து மல்லிகாவே அட்டையை எடுத்து 'இறந்தார்' பக்கத்தில் வைத்தாள். அதற்கு மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை.

நாளையும் அதே வகுப்பு. யாருக்கும் வலிக்காத மரபுத்தொடர்கள் பத்து தேவை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.