ஒரு பாடம், இரண்டு வகுப்பு

பக்கத்து வீட்டுப் பெண் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், பாடக்குறிப்புத் தாள்களை அள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் வீட்டில் பிள்ளைகளின் கூச்சல் தாங்காது. போன வாரம் பேனாவை மூடிவிட்டு, “பெரிம்மா, நீங்களும் டீச்சராத்தான இருந்தீங்க? இத்த சீக்கிரமா முடிக்க ஏதாச்சும் வழி கீதா?” என்று கேட்டாள்.

வழி எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும், “எனக்கு இன்னாம்மா தெரியும், அந்தக் காலம் வேற” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. நறுக்குவதற்குக் கோவைக்காய் கிடந்தது. அதோடு ஒட்டி வந்த இலையைச் சும்மா கசக்கினேன். அந்தப் பச்சை வாசனை என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த நாளில் கரும்பலகைக்குக் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துப் பூசுவோம். முழங்கை வரை கறுத்துப்போய் வீட்டுக்கு வருவேன். கை கால் விழுந்து படுக்கையில் இருந்த நைனா, என் அப்பா, “பாடம் சொல்லப் போனியா, கரி மூட்டை தூக்கப் போனியா?” என்பார். அவருக்குச் சிரிப்பு வருவதே அப்போதுதான் என்பதால், சில நாள் வேண்டுமென்றே கழுவாமல் வருவேன்.

சென்னை ராஜதானி நாட்கள், யுத்தம் தொடங்கியிருந்தது. சித்தூரில் எங்கள் சபையார் நடத்திய சின்னப் பள்ளிக்கூடம். ஒரே நீளக் கூடம். ஒரு கோடியில் தமிழ்ப் பிள்ளைகளோடு நான், மறு கோடியில் தெலுங்குப் பிள்ளைகளோடு கமலம்மா அக்கா. கார்வேட்டிநகரத்துக்காரி. புருஷன் போனபிறகு மகள் ராஜியோடு பள்ளிக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் குடியிருந்தாள். டீச்சர் என்பதற்காகக் கொடுத்த அறை.

நான் டிரெயினிங் முடித்து வந்த புதிது. நோக்கம், ஆயத்தம், விளக்கம், பயிற்சி என்று பக்கம் பக்கமாகப் பாடக்குறிப்பு எழுதுவேன். பாடம் நடத்துவதைவிட எழுதுவதற்கு நேரம் அதிகமாகும். நைனாவுக்குக் கஞ்சி ஆறிப்போகும். அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்து, “ஏமே, நீ புள்ளைங்களுக்கு எழுதறியா, இன்ஸ்பெக்டருக்கு எழுதறியா?” என்றாள்.

அன்றைக்குத்தான் அந்த யோசனை பிறந்தது. யாருக்கு முதலில் தோன்றியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒரே விஷயம், இரண்டு வகுப்புக்கும் சேர்த்து. பலமனேர் சந்தை என்று வைத்துக்கொண்டால் காய்களின் பெயர் மொழிப்பாடம், எடை போடுவது கணக்கு, பெங்களூர் ரோடு பூகோளம், முள்ளங்கி வரைவது சித்திரம். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போனதும் உட்கார்ந்தால் அடுத்த வாரம் முழுக்க முடிந்துவிடும். கணக்கும் பூகோளமும் அவள் எழுதுவாள், மற்றது நான். தெலுங்கு எழுத்தை அவள்தான் எனக்குப் பழக்கினாள். என் கையைப் பிடித்து, “உருண்டையா போடு, உன் தமிழ் மாதிரி முட்டி மடக்காத” என்பாள். நைனாவுக்குச் சூடாகக் கஞ்சி கிடைத்தது. ராஜிக்கு அம்மாவின் மடி கிடைத்தது. பெரியவளானால் தானும் டீச்சர்தான் என்று ராஜி சொல்லிக்கொண்டிருப்பாள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது இரண்டு வகுப்பும் ஒரே பாயில் உட்கார்ந்து, ‘வங்காய’, ‘கத்திரிக்காய்’ என்று மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தன. அவர் முகம் மலர்ந்தது. “இது யாரோட ஏற்பாடு?” என்றார்.

அக்கா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். ஆதியோடந்தம் சொன்னேன். “ரெண்டு வகுப்புக்கும் ஒரே குறிப்பு சார். அக்காவுக்கு ஜுரம் வந்தப்ப நானே ரெண்டையும் பாத்துக்கினேன். ஒண்ணும் கஷ்டமே இல்ல.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் பெருமைப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் மேனேஜர் ஐயா என்னைக் கூப்பிட்டார். “ரெண்டு வகுப்புக்கு ஒரு டீச்சர் போதும்னு இன்ஸ்பெக்டர் எழுதிட்டாரும்மா. உனக்கு ரெண்டு பாஷையும் எழுத வருது. அந்தம்மாவுக்குத் தமிழ் எழுத வராது. நீ இரு.”

“அக்கா எங்க போவாங்க ஐயா?”

“சர்க்கார் குடுக்கற கிராண்ட் பணம் அவங்க கையில கீது. நான் இன்னா செய்யட்டும்?”

நான் போகிறேன், அவள் இருக்கட்டும் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. நைனாவின் முகமும் கூடவே வந்தது. வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

அக்கா பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டு போய் நின்றேன். “ஏமே, நீ வேணும்னா சொன்ன? உள்ளதத்தான சொன்ன?” என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

அதன்பிறகு நான் இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்கார வைக்கவேயில்லை. தமிழுக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று என்று தனித்தனியாகக் குறிப்பு எழுதி, ஓடி ஓடி நடத்தினேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

நைனா காலமாகிச் சில வருஷம் கழித்துத் திருப்பதியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். அங்கே ஒரு சத்திரத்தில், மலைக்குப் போகிற யாத்ரீகர்களுக்கு அறை திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இலை போட்டாள். “மொதல்ல துன்னு, அப்பறம் பேசு.” ராஜி எங்கே என்றேன். “படிப்பு நின்னுபோச்சு. கல்யாணம் பண்ணிட்டேன். நல்லாத்தான் கீறா.” அப்புறம் ஆவலாக, “பலமனேர் சந்தை இன்னும் நடத்திக்கினு கீறியா?” என்றாள்.

“நடத்திக்கினுதான் கீறேன்க்கா” என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.

பிறகு ராஜதானி பிரிந்து, சித்தூர் ஆந்திராவோடு போனது. தமிழ்ப் பிள்ளைகள் குறைந்து குறைந்து, அந்த வகுப்பே நின்றுவிட்டது. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், எனக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். கூடத்தை இடித்து அறை அறையாகக் கட்டி, வகுப்புக்கு ஒரு டீச்சர் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். பழைய ஆசிரியர்களின் பெயர்களைச் சுவரில் அழகாக எழுதி வைத்திருந்தார்கள். தமிழ் வகுப்புக்கு என் பெயர். தெலுங்கு வகுப்புக்கும் என் பெயர்தான்.