வெள்ளைக்காதுக் கிடா

ஆட்டுக்காரர் தன் நிழலையே திரும்பிப் பார்த்து நடக்கும் ஆள். வெள்ளைக்காதுச் செம்மறி இனத்தில் மிஞ்சிய ஒரே கிடா அவரிடம்தான் இருந்தது. அக்கம்பக்கத்தில் இருந்த அதே இனப் பெட்டைகளோடு அது சேர்ந்துவிடாமல் வயிற்றுக்குக் கீழே சாக்குத்துணியைக் கட்டியே மேய்த்தார்.

"ஓசியில குட்டி எடுக்கப் பாக்குறானுங்க" என்று மனைவியிடம் பொருமுவார்.

அவருடைய பெட்டைகளெல்லாம் நோயில் செத்தன. அப்போதும் துணியை அவிழ்க்கவில்லை. கடைசியில் கிடாவும் கிழடுதட்டிச் செத்தது.

பல வருஷம் கழித்து, கால்நடை ஆராய்ச்சிக்காரர் ஒருவர் நோட்டும் கையுமாக வந்தார். "அந்த இனம் எப்படிங்க அழிஞ்சுது?"

ஆட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எவனோ திட்டம் போட்டுத்தான் அழிச்சிருக்கான். எழுதிக்குங்க."

"அந்தச் சாக்குத்துணி பரண்லதான் கெடக்கு," உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "எடுத்துட்டு வரட்டுமா?"