சூசன் அக்கா கட்டிய சப்பாத்து லேஸ்

வெனிஸ் நகரத்தில் பாலத்துக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் நடந்தால் ஒரு பாலம், இன்னும் கொஞ்சம் நடந்தால் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் படி ஏறிப் படி இறங்க வேண்டும். மலேசியாவின் கிள்ளான் பண்டமாரானிலிருந்து சுற்றுலா போயிருந்த வாணிக்கோ முழங்கால் வலி. குழுவில் மற்றவர்கள் விறுவிறுவென்று போய்விட, அவள் மட்டும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவாள். அவள் கணவர் சபாபதி எப்போதும் போல முன்னால் போய்க்கொண்டிருப்பார். காலமெல்லாம் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கிய மனிதர். மெதுவாக நடப்பது என்பது அவருக்குத் தெரியாத வேலை.

ஆனால் வாணி மூச்சு வாங்கப் பாலத்தின் உச்சிக்கு வந்து பார்க்கும்போதெல்லாம் குழு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கும். குழுவை அழைத்துப் போன சூசன் அக்கா குனிந்திருப்பார்.

"ஒரு நிமிஷம் லா, சப்பாத்து லேஸ் அவுந்துபோச்சு."

வாணி இறங்கி வந்து சேர்ந்ததும் அவர் நிமிர்வார். "சரி, போலாமா?"

"இந்தம்மாவுக்கு யாராவது லேஸ் கட்டச் சொல்லிக் குடுங்கப்பா" என்று கன்னையா கிண்டல் செய்வார். ரவாங்கில் டயர் கடை வைத்திருப்பவர், வாய் சும்மா இருக்காது. "ஐரோப்பா பூரா வழி தெரியுது, ஒரு முடிச்சுப் போடத் தெரியல!"

சூசன் அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வாணியும்கூட, பாவம், சப்பாத்து மட்டமானது போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

சூசன் அக்கா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். கணவர் அம்புரோஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஒரு முறை கோயில் ஆட்கள் பிரான்சுக்கு லூர்து மாதாவைத் தரிசிக்கக் கிளம்பியபோது, மாமியாரின் சக்கர நாற்காலியைத் தள்ளுவதற்காக சூசன் அக்காவும் கூடப் போனார். போன இடத்தில் மாமியாரை மட்டுமல்ல, வந்த கிழவர் கிழவிகள் எல்லாரையும் கவனித்துக்கொண்டு திரும்பினார். அதைக் கேள்விப்பட்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண ஏஜென்சிக்காரர் அவரை வேலைக்குக் கூப்பிட்டார். இங்கிலீஷ் சுமார்தான். இத்தாலி பாஷையில் பத்து வார்த்தை, பிரெஞ்சில் அதைவிடக் குறைவு. மீதியைச் சிரித்தே சமாளித்துவிடுவார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஏஜென்சி மாடியில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். கீழே இருந்த வாழையிலைக் கடையிலிருந்து ரசம் வாசம் மேலே வந்துகொண்டிருந்தது.

"ரோம்ல காப்பிய நின்னுக்கிட்டே குடிங்க. உக்காந்தா வேற விலை. வாசல்ல நின்னு படத்தக் காட்டி வாங்க வாங்கன்னு கூப்புடுற கடைக்குப் போகாதீங்க. பெரிய சதுக்கத்த விட்டு ரெண்டு சந்து உள்ள போனா அந்த ஊர்க்காரங்க சாப்புடுற கடை இருக்கும். ராத்திரி சாப்பாடு ஏழு மணிக்கு முன்னால கிடைக்காது, அதனால மத்தியானமே வயிறு நெறைய சாப்ட்டுக்குங்க. பெரிய கோயிலுக்குப் போகும்போது தோளும் முட்டியும் மூடியிருக்கணும், பையில ஒரு சால்வை வச்சுக்குங்க. பாரிஸ்ல கடைக்குள்ள போனா முதல்ல போன்ஜூர் சொல்லுங்க. வீட்டுக்குள்ள வர்றவங்க வணக்கம் சொல்லலன்னா நமக்கும் கோவம் வரும்தானே?"

"காசு குடுத்துட்டு நின்னுக்கிட்டுக் குடிக்கணுமா?" என்றார் கன்னையா. "நம்ம ஊரு மாமாக் கடைல ஒரு தே தாரேக் டீ வாங்கிட்டு பந்து ஆட்டம் முடியிற வரைக்கும் உக்காரலாமே!"

"உக்காருங்கண்ணே. யாரு வேணாம்னா? உக்காந்து, அப்பறம் பில்லப் பாத்துட்டு எழுந்திரிக்க முடியலன்னா என்னைக் கூப்புடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சபாபதி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு சூசன் அக்காவிடம் தயங்கித் தயங்கிப் போய் நின்றார்.

மகன் தனேஷுக்குச் சின்ன வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. டாக்டர்கள் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு சபாபதி கிள்ளான் பெருமாள் கோயிலில் விழுந்து வேண்டிக்கொண்டார்: பிள்ளை பிழைத்தால், உயிர் உள்ளவரை புரட்டாசி மாதம் முழுதும் கவுச்சி தொடமாட்டேன் என்று. பிள்ளை பிழைத்தான். படித்து எஞ்சினியர் ஆனான். அவன்தான் அப்பா அம்மாவுக்கு இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தான். தமிழ் மாதம் பார்க்காமல் டிக்கெட் எடுத்துவிட்டான். மாற்றவும் முடியாது. சபாபதிக்குப் பயம், அந்த ஊரில் விரதம் என்னாகுமோ என்று. ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. தவறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார். வாணிக்கு மட்டும் அது தெரியும்.

"அண்ணே, உங்க விரதம் என் பொறுப்பு" என்றார் சூசன் அக்கா.

ரோமில் அந்த வாக்கைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார். ஒவ்வொரு கடையிலும் சமையல்கட்டு வரை போய், இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டு வருவார். தக்காளியும் துளசி மாதிரி ஓர் இலையும் போட்ட மக்ரோனியை சபாபதி ரசித்துச் சாப்பிட்டார். தெருக்குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேல் துவாரம் வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், பாட்டில் தண்ணீர் வாங்கத் தேவையில்லை என்று சூசன் அக்கா காட்டிக்கொடுத்தார். அதைச் செய்து பார்த்துக் கன்னையா சட்டையை முழுக்க நனைத்துக்கொண்டார். வாணிக்குக் கால் வலித்தால், "எந்தக் கோயிலா இருந்தாலும் உள்ள போயிடுங்க அக்கா. பெஞ்சு இருக்கும், குளுகுளுன்னு இருக்கும், யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க" என்று சொல்லியிருந்தார். அப்படி மாதா சொரூபத்தின் முன் உட்கார்ந்து வாணி கந்தர் சஷ்டி கவசத்தை மனசுக்குள் சொன்னாள். யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வெனிஸில்தான் அது நடந்தது. பாலங்களையெல்லாம் கடந்து, ஒரு சந்துக்குள் சின்னச் சாப்பாட்டுக் கடை. சூசன் அக்கா வழக்கம் போலச் சொல்லிவிட்டு வந்தார். அந்த நேரம் பார்த்துக் குழுவில் இருந்த ஒருவர் தொப்பியை முந்தின கடையில் விட்டுவிட்டேன் என்று பதற, அவரோடு வெளியே போனார். கடைப் பையன் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான். பட்டாணி போட்ட மக்ரோனி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. சபாபதியின் தட்டில் மட்டும் இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்னத் துண்டுகள் கிடந்தன.

வேறு ஊர்க்காரராக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். ஆனால் கிள்ளானில் புரட்டாசி வந்துவிட்டால் சைவக் கடைகளில் சோயாவிலும் கோதுமையிலும் செய்த மட்டன், மீன், இறால், பன்றி ஹேம் என்று எல்லாம் கிடைக்கும். பார்வைக்கும் ருசிக்கும் அசல் போலவே இருக்கும். சபாபதி இரண்டு துண்டு மென்று தின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"வாணி, இங்க பாரு! இங்கயும் நம்ம ஊரு மாதிரி சைவ ஹேம் செய்றான். பாசார்ல கடை வச்சிருக்கிற நம்ம சீனக்கா போடுறதவிட இது நல்லாருக்கு. அசல் மாதிரியே இருக்கு!"

வாணியின் தட்டில் ஒரு துண்டு எடுத்து வைத்தார். வாணி அதை வாயருகே கொண்டுபோனாள். வாசம் என்னவோ செய்தது. எதிரே கன்னையா தன் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் கேட்டிருந்த ஹேம் அதில் இல்லை, வெறும் பட்டாணிதான். அவரும் நிமிர்ந்தார். தட்டு மாறிவிட்டது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"தங்கச்சி, சொல்லாதீங்க" என்றார் கன்னையா மெதுவாக. முதல் முறையாக அவர் முகத்தில் கிண்டல் இல்லை. "தெரியாம சாப்டதுல பாவம் இல்ல. சொன்னாத்தான் பாவம்."

வாணி அந்தத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். சொன்னால் அவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் இன்னும் சாப்பிடுவார். அதற்குள் சூசன் அக்கா உள்ளே வந்தார். மேசையை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் மறைக்க வழி இருந்தது. 'அண்ணே, தட்ட மாத்தித் தரேன்' என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போயிருக்கலாம்.

"அண்ணே, கரண்டியக் கீழ வைங்க" என்றார். "அது சைவம் இல்ல. நான் மேசைய விட்டுப் போயிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

சபாபதி கரண்டியை வைத்தார். எழுந்து வெளியே போனார். வாயைக் கொப்பளித்துவிட்டு, கால்வாய்ப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். வாணி பின்னாலேயே போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போற வரைக்கும் எனக்கு எதுவும் வேணாம்."

"சக்கரை மாத்திரை போட்டிருக்கீங்க. சாப்புடாம எப்படி?"

"வேணாம்னா வேணாம்."

சூசன் அக்கா வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தார். படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. "அண்ணே, பெருமாள் கணக்குல இத என் பேர்ல எழுதச் சொல்லுங்க" என்றார்.

சபாபதி திரும்பிப் பார்த்தார். "நீங்க வேதக்காரங்க. பெருமாள் கணக்குல உங்க பேரு எப்படி ஏறும்?"

"அப்ப எங்க ஆண்டவர்கிட்ட சொல்லிடுறேன். பெரியவங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடட்டும் லா."

சபாபதியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனால் சாப்பிட வரவில்லை.

ராத்திரி ஓட்டலில் சூசன் அக்கா ஒரு தட்டில் தக்காளி மக்ரோனியை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே அமர்ந்தார். பாதியைச் சின்னத் தட்டில் பிரித்து, நிதானமாக ஒவ்வொரு வாயாக மென்று சாப்பிட்டார். பிறகு மீதியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சமைக்கிறப்ப பக்கத்துலயே நின்னேன். இப்ப நானும் சாப்ட்டுப் பாத்துட்டேன். இன்னையிலேர்ந்து புரட்டாசி முடியிற வரைக்கும் நானும் சைவம். நான் முதல்ல சாப்புடாம உங்களுக்கு எதுவும் வராது."

"உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"வாக்குக் குடுத்தது நான்தானே அண்ணே."

சபாபதி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கரண்டியை எடுத்தார். வாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடவுளே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்தக் கடவுளைச் சொன்னோம் என்று அவள் யோசிக்கவில்லை.

பாரிஸில் மற்றவர்களெல்லாம் ஐஃபில் கோபுரத்துக்குப் போன காலையில் சூசன் அக்காவுக்கு ஓய்வு. அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "கோபுரத்து மேல ஏறினா கோபுரம் தெரியாது அக்கா. சாயந்தரம் ஆத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுல நின்னு காட்டுறேன், அதுதான் அழகு. இப்ப என்கூட வாங்க" என்று இருவரையும் லா ஷப்பல் பக்கம் கூட்டிப்போனார். ரயிலை விட்டு இறங்கினால் தமிழ்ப் பெயர்ப் பலகைகள், கருவேப்பிலை, முருங்கைக்காய். ஒரு தெருவில் பிள்ளையார் கோயில். வாணிக்குப் பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பிவிட்ட மாதிரி இருந்தது.

சபாபதி குருக்களிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர் அவர், தலையாட்டிக் கேட்டார்.

"தெரியாமல் நடந்ததுக்குச் சாமி கோவிக்காது ஐயா. ஒரு தேங்காய் உடையுங்கோ, அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

"ரெண்டு உடைக்கிறேன் சாமி" என்றார் சபாபதி. "ஒண்ணு இந்தத் தங்கச்சி பேருக்கு."

வாசலில் நின்றிருந்த சூசன் அக்கா, "அப்ப நானும் உள்ள வரணும்ல" என்று சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். தொளதொள கால்சட்டையை லேசாகத் தூக்கினார். சர்ரென்று ஒரு சத்தம். வாணி பார்த்தாள். முதல் நாளிலிருந்து போட்டிருந்த அதே சப்பாத்து, ஒட்டிப் பிரிக்கிற பட்டை வைத்தது. லேஸே கிடையாது.

வெனிஸின் அத்தனை பாலங்களும் வாணியின் கண்முன்னே வந்து போயின. தான் பின்தங்கியதை யாரும் கவனிக்காதபடி, தனக்காகக் குழு காத்திருக்கிறது என்று தனக்கே தெரியாதபடி, இந்த மனுஷி இல்லாத லேஸைக் குனிந்து குனிந்து கட்டியிருக்கிறார். கன்னையாவின் கிண்டலையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டு.

வாணி சூசன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போனாள்.

அடுத்த வருஷம் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, சபாபதி சூசன் அக்காவைப் பண்டமாரான் வீட்டுக்கு அழைத்தார். சூசன் அக்காவின் மகள் ஸ்டெஃபனி ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறாள், பிள்ளைபெற்ற வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று அக்கா அங்கேயே போய்விட முடிவு செய்திருந்த நேரம். தனேஷும் வந்திருந்தான், நன்றாகவே இருந்தான். இலை போட்டாயிற்று. சைவ மட்டன் பிரட்டல் வைத்ததும் சபாபதி, "கொஞ்சம் இருங்க" என்று ஒரு துண்டைத் தன் வாயில் போட்டு மென்றார்.

"சாப்புடுங்கம்மா. நான் பாத்துட்டேன்."

சூசன் அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

மாலை சூசன் அக்காவை ரயிலேற்ற சபாபதியும் வாணியும் கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மேம்பாலப் படி ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். சபாபதி பழக்க தோஷத்தில் விறுவிறுவென்று மேலே போய்விட்டார். சூசன் அக்கா வாணியோடு கூடவே, ஒவ்வொரு படியாக ஏறினார். ரயில் வந்தது. வாணி அவரைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஏறிக் கதவருகே நின்றுகொண்ட சூசன் அக்கா, சபாபதியைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, நான் போறேன். இனிமே லேஸ நீங்கதான் கட்டணும்."