காணாமல் போன ஃபைலும் கோணல் தையல்காரியும்

அந்தத் தெருவில் தைக்கிறவர்கள் ஐந்து பேர். நான்கு பேருக்குப் பெயர்ப்பலகை, கண்ணாடிக் கதவு எல்லாம் உண்டு. ஐந்தாவது ஆளுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, அவ்வளவுதான். ஆனால் ‘கோணல் தையல்காரி வீடு எது’ என்று கேட்டுப் பாருங்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கூடக் கையை நீட்டிக் காட்டுவார். யாரோ வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் அது. அவள் அதையே ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டிவிட்டாள். 

கடையில் தொங்குகிற சட்டை எவருக்குப் பொருந்தாதோ அவர்கள்தான் அவளிடம் வருவார்கள். ஒரு தோள் நான்கு விரல் இறங்கியவர், ஒரு கால் குட்டையானவர், அறுவை சிகிச்சையில் ஒரு பக்க மார்பை எடுத்தவர். ஒவ்வொருவருக்கும் நாற்பது நாற்பத்தைந்து இடத்தில் அளவெடுப்பாள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அந்த உடம்புக்கென்றே ஒரு வெட்டுப்படம் வரும். அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய படம் அதில் இருந்தது. பதினோரு வருஷ உழைப்பு.

படம் போடுகிற புரோகிராம் பழசு. ஒரு சிடி தட்டில் வந்தது, அந்தத் தட்டு வீடு மாறும்போது இரண்டாக உடைந்துபோயிற்று. கம்பெனிக்காரர்கள் இப்போது வேறு ஒன்று விற்கிறார்கள். அது பழைய படங்களைத் திறக்காது. ஆக, அந்தக் கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராம் உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும்.

ஒரு புதன்கிழமை காலையில் அது திறக்க மாட்டேன் என்றது. இன்ன பெயருள்ள ஃபைல் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, ஆகவே தொடங்க முடியாது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான். என்ன சரி? அவள் அதை அழுத்தாமல் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வெட்ட வேண்டியது நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மாவின் கோட்டு. முதுகெலும்பு வளைந்தவர். சனிக்கிழமை அவருக்குத் தலைமை நூலகர் வேலைக்கு நேர்காணல். போன வருஷம் அவருக்கு அளவெடுக்க மூன்று நாள் ஆனது, ஏனென்றால் பத்து நிமிஷத்துக்கு மேல் அவரால் நிற்க முடியாது. இப்போது ஐந்து நிமிஷம்கூட முடியாது. மறுபடியும் வந்து நில்லுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

கொழுந்தன் வந்து பார்த்தான். செல்போன் கடையில் வேலை, அதனால் மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் தானே வைத்தியன் என்று நினைப்பு. ஒன்றுமில்லை, ஃபைல் பெயரை இணையத்தில் தேடினால் நூறு இடத்தில் சும்மா கிடைக்கும், இறக்கிப் போட்டால் முடிந்தது என்றான். அந்த நூறு இடமும் யாருடையது என்று கேட்டாள். யாருடையதாக இருந்தால் என்ன என்றான்.

“தெருவுல கெடந்த ஊசிய எடுத்து உன் உடம்புல குத்திக்குவியா, தம்பி?” என்றாள். “அப்புறம் என் கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் குத்தச் சொல்ற?”

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான், வேறு வழியே இல்லை என்றான். அவள் புருஷன் ஷிஃப்ட் முடித்து வந்தவர், தம்பி சொல்வதும் நியாயம், நீ சொல்வதும் நியாயம் என்று இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் படுக்கப் போனார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அவள் முதலில் செய்த காரியம் இரண்டு பென் டிரைவ் வாங்கி வந்தது. எல்லாப் படத்தையும் இரண்டிலும் ஏற்றினாள். ஒன்று தையல் பெட்டியில், ஒன்று துணி அலமாரியில். துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு தரத்துக்கு மூன்று தரம் அளப்பவள் அவள். இதில் மட்டும் விடுவாளா?

அதற்கு அப்புறம் செய்ததுதான் தப்பு. தையல் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஒரு இடத்தில் துணி போய்விட்டால் அதே நிறம், அதே ரகத்தில் இன்னொரு துண்டு எடுத்து ஒட்டுப் போடுவோம் இல்லையா? அதே மாதிரி கொழுந்தனின் லேப்டாப்பில் தேடினாள். அதே பெயரில் அந்த ஃபைல் அங்கே இருந்தது. எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் அதேதான். வீட்டுப் பொருள்தானே, தெருவில் எடுத்ததில்லையே என்று பிரதி எடுத்துப் புரோகிராம் இருக்கிற இடத்தில் வைத்தாள்.

இல்லை என்ற பேச்சு நின்றது. அதற்குப் பதிலாக வேறொரு பெட்டி வந்தது, எட்டுப் பத்து எண்ணும் எழுத்துமாக ஒரு பிழை. கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டு, இருந்ததையும் கெடுத்தாயிற்றா அண்ணி என்று சிரித்தான். அவள் கம்ப்யூட்டரையே இயக்குகிற மூல மென்பொருளைச் செய்த கம்பெனியின் உதவிப் பக்கத்தைத் திறந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். சிஸ்டத்தின் சொந்த ஃபைல்களைத் தானே சரிபார்த்துக்கொள்ள ஒரு கட்டளை உண்டு என்று அதில் போட்டிருந்தது. கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து அதைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். அரை மணி நேரம் ஓடி, எல்லாம் பத்திரமாக இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை என்றது.

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. வீட்டுக்காரன், அதாவது சிஸ்டத்தின், பொருள் எதுவும் போகவில்லை. போனது புரோகிராம் என்கிற விருந்தாளி கொண்டுவந்த பொருள். அதை யார் எடுத்தது?

கொழுந்தனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கடைசியாக இதில் என்ன செய்தாய் என்று கேட்டாள். ஒன்றுமே செய்யவில்லை என்றான். இன்னொரு தரம் கேட்டாள். இடம் அடைத்துக்கொண்டிருந்தது என்று கொஞ்சம் சுத்தம் செய்தேன் என்றான். மூன்றாவது தரம் அவள் கேட்கவே இல்லை, கையில் கத்திரிக்கோலோடு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே பேர்ல ஏழெட்டு ஃபைல் தொகுப்பு இருந்துச்சு அண்ணி. வருஷம் மட்டும்தான் வேற வேற. புதுசு இருக்கே, பழசு எதுக்குன்னு எடுத்துட்டேன்.”

கம்ப்யூட்டர் பழைய நிலைக்குத் திரும்பிப் போகிற வசதியையும் இடத்துக்காக நிறுத்தி வைத்திருந்தான் மகராசன்.

அவள் ஊசிப் பெட்டியைத் திறந்து அவன் முன்னால் கவிழ்த்தாள். “இதுக்கெல்லாம் ஒரே பேருதான், ஊசி. பட்டுக்கு ஒண்ணு, தோலுக்கு ஒண்ணு. புதுசா ஒண்ணு வாங்கினேன்னு மத்ததத் தூக்கிப் போட்டா நான் எதால தைக்கிறது?”

வியாழக்கிழமை காலை புரோகிராம் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் தேன் குழைத்த குரலில் புதிய பதிப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இவள் கேட்டுக்கொண்டாள். முடித்ததும், என் பழைய புரோகிராம் தேடுகிற ஃபைல் எந்த வருஷத்துத் தொகுப்பில் இருக்கும் என்றாள். அந்தப் பெண் மறுபடியும் புதிய பதிப்புக்கே போனாள். இவள் போனை மேசையில் வைத்துவிட்டு ஒரு ஆளின் கால்சட்டைக்கு ஓரம் அடித்து முடித்தாள், திரும்ப எடுத்தாள்.

“சொல்லி முடிச்சிட்டீங்களாம்மா? நான் வைக்க மாட்டேன். எனக்கு வருஷம் மட்டும் சொல்லுங்க.”

மறுபக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண்ணின் குரல் மாறியது, மனுஷக் குரலாக ஆயிற்று. அந்த ஃபைல் எங்களுடையதே இல்லை மேடம், மூல மென்பொருள் கம்பெனிக்காரருடையது, அவர்கள் பக்கத்திலேயே தொகுப்பாகக் கிடைக்கும், வேறு எங்கேயும் எடுக்காதீர்கள் என்றாள். வருஷத்தைச் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். அதிலே முப்பத்திரண்டு பிட், அறுபத்துநான்கு பிட் என்று இரண்டு ரகம், ஃபைலின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான், உங்கள் பழைய புரோகிராமுக்கு முப்பத்திரண்டுதான் ஒத்துவரும்.

இவள் அதைச் சுண்ணக்கட்டியால் வெட்டுமேசையிலேயே எழுதிக்கொண்டாள்.

மூல மென்பொருள் கம்பெனியின் சொந்தப் பக்கம்தானா என்று முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, தொகுப்பை இறக்கி நிறுவினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். புரோகிராமைத் தொட்டாள். அதே எட்டுப் பத்து எண் பெட்டி. பின்னால் நின்ற கொழுந்தன், நான்தான் அழிக்கச் சொன்னேனே என்று ஆரம்பித்தான். “வாய மூடிட்டு நில்லு” என்றாள், திரும்பாமலே.

சரியான துணி வந்துவிட்டது. அப்படியும் ஏன் இழுக்கிறது? ஒரு சட்டை இப்படி இழுத்தால் அவள் எங்கே பார்ப்பாள்? தன் தையலைத்தான் முதலில் பார்ப்பாள். நேற்றுத் தான் போட்ட ஒட்டு இன்னும் அங்கேயே இருந்தது. புரோகிராம் தன் பக்கத்தில் கிடக்கிற பொருளைத்தானே முதலில் எடுக்கும்? லேப்டாப் புதுசு, அதிலிருந்தது அறுபத்துநான்கு ரகம். பெயர் ஒன்று, நெசவு வேறு. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் வரவில்லை. தைத்ததைப் பிரிக்கத் தெரியாதவள் என்ன தையல்காரி? அந்தப் பிரதியை மட்டும் வெளியே எடுத்தாள். வேறு எதையும் தொடவில்லை.

புரோகிராம் திறந்தது.

ஒவ்வொரு பெயராக இறக்கிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டும் இருந்தது. நூலகத்து அம்மாவின் முதுகு திரையில் விரிந்தது. இடது பக்கம் ஏறி வலது பக்கம் இறங்குகிற அந்த வளைவு, மூன்று நாள் பத்துப் பத்து நிமிஷமாக எடுத்த வளைவு. அன்று மதியத்துக்குள் வெட்டி, ராத்திரிக்குள் தைத்து, வெள்ளிக்கிழமை காஜா எடுத்து, பொத்தான் வைத்தாள்.

வெள்ளி மாலை அந்த அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே கோட்டைப் போட்டுக்கொண்டார். எழுந்து நிற்கச் சொல்லவே இல்லை. கண்ணாடியை அவர் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தாள்.

“அளவு எடுக்கவே இல்லையே, எப்படி இவ்வளவு சரியா இருக்கு?” என்று கேட்டார்.

“நீங்க கம்ப்யூட்டருக்குள்ளதான இருக்கீங்க. எங்க போயிடுவீங்க?” என்றாள்.

அவர் போனதும் அவள் உட்கார்ந்து இன்னும் ஒரு வேலை செய்தாள். திரும்பிப் போகிற வசதியை மறுபடி இயக்கினாள். கம்ப்யூட்டரில் கொழுந்தனுக்கென்று தனியாக ஒரு கணக்குத் திறந்தாள். பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம், கடிதம் அடிக்கலாம். எதையும் நிறுவவோ நீக்கவோ முடியாது. அதற்குக் கடவுச்சொல் வேண்டும், அது அவளிடம் மட்டும்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். புருஷன் வழக்கம்போல, வீட்டுக்குள்ளேயே பூட்டா, கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால்தான் என்ன என்று இழுத்தார்.

“கொடுக்க முடியாது” என்றாள். “இடம் பத்தலேன்னா இன்னொரு டிஸ்க் வாங்கிக்கலாம். அதுல இருக்கிறவங்கள எடுக்கணும்னா என்கிட்ட கேட்டுட்டு எடுங்க. நான் தர மாட்டேன்னுதான் சொல்லுவேன், ஆனாலும் கேளுங்க.”

கொழுந்தன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான். பிறகு மெதுவாக, தன் லேப்டாப்பிலும் அப்படி ஒரே பெயரில் நிறைய இருக்கிறதே அண்ணி, அதை விட்டுவிடலாமா என்று கேட்டான்.

“தொடாத” என்றாள் கோணல் தையல்காரி.